பள்ளிக்கூடத்தால் ஒரு மொழி வீட்டுக்குத் திரும்புமா? பெல்பாஸ்ட் ஐரிஷ் வழிப் பள்ளியை முன்வைத்து

ஆற்றுமணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். என் மனைவியுடன் பணியாற்றும் ஒரு செவிலியரின் அழைப்பின்பேரில், அவருடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கும் ஐரிஷ் வழித் தொடக்கப்பள்ளியில் சென்ற மாதம் ஒரு முழு நாளைக் கழித்தேன். பிள்ளைகளைப் பற்றி எழுதப் போவதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. நகரின் மேற்குப் பகுதியில், ஃபால்ஸ் சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில் அது இருக்கிறது.

முதல் வகுப்பில் நான்கரை, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் வீட்டில் ஐரிஷ் பேசுகிறவர்கள் மூன்று பேர்தான் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் காலை ஒன்பது மணியிலிருந்து மதிய உணவு வரை அவர் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்கூட வரவில்லை. கையை அசைத்தார், படத்தைக் காட்டினார், ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் ஏழெட்டு முறை சொன்னார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு சிறுவன் ஆங்கிலத்தில் கேட்டபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. அவன் கேட்டிருக்க வேண்டிய வாக்கியத்தை ஐரிஷில் மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினான். ஆங்கில எழுத்தையும் வாசிப்பையும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறார்கள்.

ஐரிஷில் ஆம், இல்லை என்பவற்றுக்குத் தனிச் சொற்கள் கிடையா. கேள்வியில் வந்த வினையையே பதிலாகத் திருப்பித் தர வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல. வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்து, மூடினாயா, மூடினேன், எடுத்தாயா, எடுக்கவில்லை என்று அந்தக் குழந்தைகள் பதில் சொல்வதைக் கேட்டபோது, பொருள் புரியாமலேயே அதன் தாளம் எனக்குப் பிடிபட்டது.

மாலையில் அதே வகுப்பறையில் பெற்றோருக்கான ஐரிஷ் வகுப்பு நடந்தது. பகலில் பிள்ளைகள் அமர்ந்த குட்டி நாற்காலிகளில், முழங்கால் மார்பைத் தொட, ஒரு பேருந்து ஓட்டுநரும் இரண்டு கடைப் பணியாளர்களும் என் மனைவியின் தோழியும் உட்கார்ந்து, மறுநாள் வீட்டுப்பாடத்துக்கு வேண்டிய வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1960களில், பெல்பாஸ்டில் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்து, வயதுவந்த பின் ஐரிஷ் கற்றுக்கொண்ட சில இளம் தம்பதியர், தங்கள் பிள்ளைகளை ஐரிஷிலேயே வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். நகரின் ஓரத்தில் ஷாஸ் ரோடு என்னும் இடத்தில் நிலம் வாங்கி, கையிலிருந்த பணத்தையும் உடலுழைப்பையும் போட்டு, 1969 முதல் அடுத்தடுத்து வீடு கட்டிக் குடியேறினார்கள். ‘பேசாதே, செய்’ என்று பொருள்படும் ‘நா ஹபர் ஏ, ஜேன் ஏ’ என்பதே அவர்களுடைய தாரக வாக்கியம். 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு அவர்கள் தொடங்கிய புன்ஸ்கோல் ஃபோபல் ஃபேர்ஷ்ட என்னும் பள்ளிக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது 1984இல்தான். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும், அதுவும் துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் அன்றாடமாக இருந்த ஆண்டுகளில், பெற்றோர்தான் நிதி திரட்டி ஆசிரியர் சம்பளத்தைக் கொடுத்தார்கள். இன்று வட அயர்லாந்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஐரிஷ் வழியில் படிக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வெளியேறிய ஒரு மொழியைப் பள்ளிக்கூடத்தால் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு மேற்கு பெல்பாஸ்ட் சான்று என்று நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.


வடகரை எழுதியது:

ஆற்றுமணல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தக் குட்டி நாற்காலிகள் என் கண்ணிலும் நிற்கின்றன. ஆனால் நீங்கள் காட்டும் சான்றே உங்கள் முடிவுக்கு எதிராக நிற்பதை நீங்கள் கவனிக்கவில்லை. வீடுகள் 1969இல் வந்தன. பள்ளி 1971இல் வந்தது. தாய்தந்தையர் தங்கள் வீட்டு மொழியை மாற்றிக்கொண்டார்கள், அதன் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தேவைப்பட்டது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு மொழி போகவில்லை, வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போயிருக்கிறது.

நான் பதினான்கு ஆண்டுகளாக அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரில் இருக்கிறேன். மேற்கே அரை மணி நேரம் காரோட்டினால் ஐரிஷ் இன்னும் தாய்மொழியாக இருக்கும் கொனமாரா ஊர்கள் வந்துவிடும். அங்கே நின்று பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாகத் தெரிகிறது. தெற்கில், அதாவது இன்றைய அயர்லாந்துக் குடியரசில், அரசு இந்தச் சோதனையை நூறு ஆண்டுகளாக நடத்தி வருகிறது. 1922 மார்ச் 17ஆம் நாள் முதல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஐரிஷ் கற்பிக்க வேண்டும் என்று புதிய அரசு ஆணையிட்டது. மொழியை மீட்கும் சுமை முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு, அலுவலகமும் வணிகமும் நாடாளுமன்றமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர், அதாவது மக்கள்தொகையில் 40 விழுக்காட்டினர். கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர்.

ஐரிஷ் ஒரு பாடமாக மட்டும் இருந்த பள்ளிகளின் கணக்கு அது, முழுவதும் ஐரிஷில் நடக்கும் கேல்ஸ்கோல்களின் கதை வேறு என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பார்த்துவிடுவோம். 1972 வாக்கில் தெற்கில், ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கு வெளியே, முழு ஐரிஷ் தொடக்கப்பள்ளிகள் 11 இருந்தன. இன்று அவை ஏறத்தாழ 150. ஐம்பது ஆண்டுகளில் பதின்மூன்று மடங்குக்கு மேல். ஆனால் 2016இல் 73,803ஆக இருந்த அன்றாடப் பேச்சாளர் எண்ணிக்கை 2022இல் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு ஐரிஷ் பேசும் பகுதிகளில் மட்டுமன்றி அவற்றுக்கு வெளியேயும் நேர்ந்திருக்கிறது. கேல்ஸ்கோலில் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்து, திருமணம் முடித்து, தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.


நெய்தல்வீடு எழுதியது:

நான் டப்ளினின் டாலட் பகுதியில் வசிக்கும் ஒரு தாய். என் மகள் கேல்ஸ்கோலில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஐரிஷ், தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம். நீங்கள் இருவரும் மொழி பிழைக்குமா என்று வாதிடுகிறீர்கள். எனக்கு முதலில் என் குழந்தை பிழைக்குமா என்ற அச்சம் இருந்தது. அவளைச் சேர்த்தபோது எங்கள் உறவினர் பலர், ஆங்கிலம் கெட்டுப்போகும், உனக்கே தெரியாத மொழியில் வீட்டுப்பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டார்கள்.

ஆங்கிலம் கெடவில்லை. 2010இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், ஐரிஷ் வழிப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு நாட்டுச் சராசரியைவிட மேலாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகள் பலருடைய வீடுகள் வசதியானவை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் டாலட் வசதியான பகுதி அன்று. டப்ளினின் மற்றொரு பகுதியான பாலிமன்னும் அன்று. இரண்டு இடங்களிலும் கேல்ஸ்கோல்கள் பல்லாண்டுகளாக நடக்கின்றன.

வடகரை ஐயா கேட்கும் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். இந்த நாட்டில் எங்கள் பெயரும் நிறமும் எங்களை வேறாகக் காட்டும். மற்றப் பள்ளிகளில் ஆங்கிலம் யாருக்குச் சொந்தம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். என் மகளின் வகுப்பிலோ ஐரிஷ் யாருக்கும் பிறப்பிலேயே கைவந்த மொழி இல்லை. இருபத்தாறு பேரும் ஒரே நாளில் ஒரே வாக்கியத்திலிருந்து தொடங்கினார்கள். சென்ற ஆண்டு கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் அவள் பரிசு வாங்கியபோது, பக்கத்து வீட்டு முதியவர் அவளிடம் தனக்கு நினைவிருந்த நான்கைந்து ஐரிஷ் சொற்களைச் சொல்லிப் பார்த்தார். அவர் பள்ளியில் அடி வாங்கிக் கற்ற மொழி அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை அவர் விருப்பத்தோடு பேசியது ஓர் எட்டு வயதுத் தமிழ்ப் பெண்ணிடம்.


ஆற்றுமணல் எழுதியது:

வடகரை அவர்களே, வீடுகள் முதலில் வந்தன என்பது உண்மை. அந்த வரிசையை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் 1971இல் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பள்ளி முதலில் ஷாஸ் ரோடு குடும்பங்களின் பிள்ளைகளுக்காக மட்டுமே நடந்தது. 1978இல் அவர்கள் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கி, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அன்று முதல் வரிசை தலைகீழானது. சில வீடுகளிலிருந்து பிறந்த பள்ளி, அந்த வீடுகளுக்கு வெளியே இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கியது. நான் சான்றாகக் காட்டுவது 1978க்குப் பிந்திய இந்தப் பகுதியைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 1984இல் ‘லா’ என்னும் ஐரிஷ் நாளிதழ் பெல்பாஸ்டில் பிறந்து 2008 வரை வெளிவந்தது. 1991இல், மேல்நிலைக் கல்விக்குப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்த நிலையை மாற்ற, அங்கேயும் ஒன்பது பேரோடு ஒரு பள்ளி தொடங்கியது. ஃபால்ஸ் சாலையில் கைவிடப்பட்டிருந்த, பிரெஸ்பிட்டீரியன் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவின் தேவாலயக் கட்டடம் ஒன்றில், குல்டூர்லன் என்று இன்று எல்லோரும் அழைக்கும் பண்பாட்டு மையத்துக்குள் அது நடந்தது. அந்தப் பள்ளி இன்று கோலாஷ்ட ஃபேர்ஷ்ட என்னும் பெயரில் இயங்குகிறது. 2006இல் ராய்டியோ ஃபால்ட்ய என்னும் சமூக வானொலிக்கு முழு உரிமம் கிடைத்தது. குல்டூர்லனில் தேநீர் கேட்டால் பரிமாறுகிறவர் ஐரிஷில் பதில் சொல்கிறார். அவருக்கு அது வேலைக்கு வேண்டிய தகுதி. ஒரு பெருநகரத்தின் உழைக்கும் மக்கள் குடியிருப்பில், மொழி தெரிந்ததனால் ஓர் இளைஞருக்கு வேலை கிடைப்பது சிறிய செய்தி அன்று.

நீங்கள் தெற்கின் எண்களைத் தந்தீர்கள். வடக்கின் எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்துக் கணக்கெடுப்பில் ஐரிஷைத் தம் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் 2011இல் 4,164 பேர், 2021இல் 5,969 பேர். ஐரிஷில் ஏதேனும் ஒரு திறன் உள்ளவர்கள் அதே பத்தாண்டில் 10.65 விழுக்காட்டிலிருந்து 12.4ஆக உயர்ந்திருக்கிறார்கள். நான் பார்த்த முதல் வகுப்பு ஆசிரியையும் ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து ஐந்து வயதில் இப்படியொரு பள்ளிக்கு வந்தவர்தான். இன்று அவர் தம் இரு பிள்ளைகளிடம் ஐரிஷ் பேசுகிறார். அவர் குறிப்பிட்ட மூன்று வீடுகளில் ஒன்று அவருடையது.


வடகரை எழுதியது:

அந்த ஆசிரியையின் செய்தி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனாலும் இரண்டு தடைகள் உள்ளன.

வட அயர்லாந்தில் முதன்மை மொழி எது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையை அப்படியே ஏற்க முடியாது. அங்கே அந்தக் கட்டத்தில் இடும் குறி, ஒருவர் சமையலறையில் பேசும் மொழியைக் காட்டுவதைவிடத் தாம் அயர்லாந்துப் பக்கமா, பிரித்தானியப் பக்கமா என்பதையே பல நேரங்களில் காட்டுகிறது. ஆகவே அந்த 1,805 பேர் உயர்வில் எத்தனை பேர் புதிதாக ஐரிஷில் வாழ்கிறார்கள், எத்தனை பேர் புதிதாக அதை அறிவிக்கிறார்கள் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

இரண்டாவது தடை எனக்கு இதைவிட முக்கியமானது. பள்ளியில் வளரும் ஐரிஷ் எத்தகைய ஐரிஷ்? அந்த மொழியில் ‘இரு’ என்னும் பொருளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. நான் களைப்பாக இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று நிலையைச் சொல்ல ‘டா’ வரும். நான் ஆசிரியர், அவள் பெண் என்று ஒருவர் யார், எது என்பதைச் சொல்ல ‘இஸ்’ வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஐரிஷ் வழிப் பள்ளிகளில் எட்டு ஆண்டுகள் படித்த பிள்ளைகளும் ‘இஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘டா’வைப் போடுகிறார்கள் என்பது, இவர்களுடைய பேச்சை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் செய்தி. பிள்ளைகள் தங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக் கற்பதால் பிழை உறைந்துவிடுகிறது. ஏனென்றால் வகுப்பறையில் அந்த மொழியைப் பிறப்பிலிருந்து பேசுகிறவர் ஒருவரும் இருப்பதில்லை. ஆசிரியரும் பெரும்பாலும் கற்றுக்கொண்டவரே.

கொனமாராவில் எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். கடலின் மேற்பரப்பு அடையும் மாற்றங்களுக்கு மட்டும் அவரிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று நான் எண்ணிப் பார்த்து முடித்ததில்லை. ஐரிஷ் பேசும் பகுதிகளில் இளைஞரிடையே மொழி புழங்கும் விதத்தை ஆராய்ந்து 2007இல் வெளியான விரிவான அறிக்கை, இப்போக்கு நீடித்தால் இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பகுதிகளின் பெரும்பாலான இடங்களில் ஐரிஷ் குடும்ப மொழியாகவும் சமூக மொழியாகவும் இராது என்று எச்சரித்தது. அந்தக் காலக்கெடு இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. அந்த மூதாட்டியின் பேத்திக்குத் தன் ஊரில் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. விடுமுறை வீடுகள் விலையை ஏற்றிவிட்டதால் வாங்கவும் முடியவில்லை. அவள் கால்வே நகருக்கு வந்து, ஆங்கிலம் பேசும் கணவருடன் வாழ்ந்து, தன் பிள்ளையைக் கேல்ஸ்கோலில் சேர்த்திருக்கிறாள். பாட்டியிடமிருந்து சோறுண்ணும்போதே கிடைத்திருக்க வேண்டிய மொழியை அந்தப் பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்துக் கற்கிறது. கேல்ஸ்கோல் சேர்க்கைப் பட்டியலைக் காட்டி மொழி வளர்கிறது என்று மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கை எங்கே எழுதுவார்கள்?


தறிக்குரல் எழுதியது:

வாசகனாக மட்டும் இருந்த நான் ஒரு செய்திக்காக எழுத வேண்டியிருக்கிறது. இதுவரை நடந்த உரையாடலில், பெல்பாஸ்ட் பிளவுபட்ட நகரம் என்பதை ஆற்றுமணல் அவர்கள் ஒரே தொடரில் கடந்துவிட்டார். அந்த நகரின் மேற்கில் ஐரிஷ் என்பது வெறும் மொழி அன்று. போராட்டக் காலத்தில் சிறைக்குள் இருந்த குடியரசுவாதிகள், அதாவது பிரித்தானியாவிலிருந்து பிரிந்து அயர்லாந்துடன் சேர வேண்டும் என்றவர்கள், ஐரிஷ் கற்று, அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். பிரித்தானியாவுடனேயே இருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளான மறுபக்கத்தினர் தெருப்பெயர்ப் பலகையில் அந்த எழுத்தைப் பார்த்தாலே அஞ்சுகிறார்கள். ஐரிஷ் வழிப் பள்ளிகளில் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பின்னணியினர். ஏற்கெனவே பள்ளிவாரியாகப் பிரிந்து வளரும் பிள்ளைகளுக்கு நடுவே மேலும் ஒரு மதிலை எழுப்ப அரசுப் பணம் செலவாக வேண்டுமா? மொழி வீட்டுக்குத் திரும்புமா என்று கேட்பதற்கு முன், எந்த வீடுகளுக்கு, எந்த வீடுகளை விட்டுவிட்டு என்று கேட்பதே நேர்மை.


ஆற்றுமணல் எழுதியது:

தறிக்குரல் அவர்களுக்கு. நீங்கள் சொல்வது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். நான் அதை விட்டது தவறு. ஆனால் மதிலை எழுப்பியது மொழிதானா என்பதை வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

குல்டூர்லனின் முழுப் பெயர் குல்டூர்லன் மக்கேடம் ஓ ஃபீ. இரண்டு மனிதர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஓ ஃபீ ஒரு கத்தோலிக்கக் கர்தினால். ராபர்ட் மக்கேடம், 1808 முதல் 1895 வரை வாழ்ந்த பெல்பாஸ்ட் பிரெஸ்பிட்டீரியன். இரும்பு வார்ப்பு ஆலை நடத்தியவர். ஐரிஷ் கையெழுத்துப் படிகளையும் பழமொழிகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். இன்று அந்நியமாகப் பார்க்கிறவர்களின் முன்னோரில் ஒருவர், அந்த மொழி அழியாமல் இருக்கத் தம் செல்வத்தைச் செலவிட்டிருக்கிறார்.

இன்றைக்கும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. பிரித்தானிய ஆதரவாளர்கள் வாழும் கிழக்கு பெல்பாஸ்டில், நியூடவுனார்ட்ஸ் சாலையில், லிண்டா எர்வைன் என்னும் புராட்டஸ்டன்ட் பெண்மணி தொடங்கிய டூரஸ் திட்டத்தின் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோர் ஐரிஷ் படிக்கிறார்கள். 2021இல் அப்பகுதியில் இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஐரிஷ் மழலையர் பள்ளி ஒன்றைத் திறக்க முயன்றபோது, இணையத்தில் வெறுப்புப் பரப்புரை கிளம்பியதால் இடத்தையே மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் அதே ஆண்டில் நீஸ்கோல் ந சோல்ட என்ற பெயரில் அது திறந்தது. அதன் தொடர்ச்சியாக இப்போது ஒரு தொடக்கப்பள்ளியும் இருக்கிறது. மதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதில் வாசல் திறக்க முயன்றவர்களும் ஐரிஷ் பேசுகிறவர்களே என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அரசுப் பணம் பற்றியும் ஒரு சொல். 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு, ஐரிஷ் வழிக் கல்வியை ஊக்குவிப்பதும் அதற்கு வழிசெய்வதும் கல்வித் துறையின் சட்டக் கடமை. அது வெறும் நல்லெண்ணம் அன்று, நடைமுறை விளைவுடைய கடமை என்று 2011இல் கோலாஷ்ட ஃபேர்ஷ்ட தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது. வழக்கு எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் பள்ளிக்கு வந்துசேரப் பேருந்து வசதி வேண்டும் என்பதற்காக.


தறிக்குரல் எழுதியது:

மக்கேடம் பற்றி நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. ஆனால் ஒரு மழலையர் பள்ளி இடம் மாற வேண்டி வந்ததே என் அச்சம் பொய்யன்று என்பதற்கும் சான்று. கிழக்கில் அப்படியொரு பள்ளி வளர்ந்து, இரு தரப்புப் பிள்ளைகளும் உண்மையாகவே அங்கே வந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.


நெய்தல்வீடு எழுதியது:

வடகரை ஐயாவுக்கு. அந்தப் பேத்தியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் அவளுக்கு வீடு கிடைக்காததற்குக் கேல்ஸ்கோல் காரணம் அன்று. கேல்ஸ்கோல் இல்லாவிட்டால் அவள் பிள்ளைக்கு அட்டைப் படமும் கிடைத்திராது. வீட்டு அனுமதிக்காகப் போராட வேண்டியதுதான். அதில் எங்களைப் போன்ற பெற்றோரும் சேர வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவதுதான் எனக்கு ஏற்பில்லை.

பள்ளிகளின் குறையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு சிறுவனுக்கு எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்பாடு இருக்கிறது. அவனை ஐரிஷில் சோதித்து உதவக்கூடிய உளவியலாளர் கிடைக்காமல், ஆங்கிலச் சோதனையை வைத்தே ஓராண்டு கடந்தது. பள்ளியை மாற்றிவிடுங்கள் என்று அவன் தாயிடம் பலர் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. ஆனால் தனியாக அழுதார். மொழியைக் காக்கும் சுமையை ஆறு வயதுப் பிள்ளை மீது ஏற்றுகிற அரசு, அந்தப் பிள்ளைக்குத் தேவையானதை அந்த மொழியிலேயே தர வேண்டாமா?


வடகரை எழுதியது:

அம்மா, போட்டியாக நிறுத்தியது என் பிழை என்பதை ஏற்கிறேன். அரசுதான் அவற்றைப் போட்டியாக்குகிறது. பள்ளி திறப்பது எளிது, அடிக்கல் நாட்டிப் படமெடுத்துக்கொள்ளலாம். ஒரு கடற்கரைக் கிராமத்தில் முப்பது இளம் குடும்பங்களுக்கு வீட்டு அனுமதி தருவதில் அந்தப் படம் கிடைக்காது.

ஆற்றுமணல் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. வகுப்பறையைப் பற்றியும் மாலை வகுப்பைப் பற்றியும் எழுதினீர்கள். விளையாட்டுத் திடலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆசிரியர் காதுக்கு எட்டாத தொலைவில், பத்து வயதுப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது எந்த மொழியில் சண்டை போட்டார்கள்?


ஆற்றுமணல் எழுதியது:

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இரண்டையும் கலந்து பேசினார்கள். பெரிய பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கத்தினார்கள். பந்தைக் கொடு, இது வெளியே போய்விட்டது, நீதான் தள்ளினாய் என்பன எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியை அருகே வந்ததும் ஐரிஷுக்கு மாறி, அவர் போனதும் திரும்பினார்கள். நான் அதை ஆசிரியையிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. தாமும் அந்த வயதில் அப்படித்தான் இருந்ததாகவும், பதினெட்டு வயதில் கொனமாராவில் ஒரு கோடைக்காலம் வேலை பார்த்தபோதுதான், ஐரிஷில் கோபப்படவும் கேலி செய்யவும் முடியும் என்பதைத் தாம் கண்டதாகவும் சொன்னார். தங்கியிருந்த வீட்டுப் பெண்மணி முதல் நாளே அவருடைய ‘டா’வைத் திருத்தினாராம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு இரண்டு பகுதியாக விடை சொல்ல வேண்டும். பள்ளி அவருக்கு மொழியைக் கொடுத்தது. அந்த மொழியில் வாழ்வதற்கு அவருக்கு உங்கள் கொனமாரா தேவைப்பட்டது. பள்ளி மட்டும் போதும் என்ற தொனி என் முதல் பதிவில் இருந்தது; அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வயதில் அந்தப் பள்ளிக்குப் போகாத ஒரு பெல்பாஸ்ட் பெண் பதினெட்டு வயதில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.


வடகரை எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் அவர் தட்டும்போது உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்லி வருவது. அடுத்த வாரம் அந்த மூதாட்டியைப் பார்க்கப் போகிறேன். பெல்பாஸ்டிலிருந்து கோடைக்காலத்துக்கு வரும் பிள்ளைகளை அவர் ஊரில் இப்போது எத்தனை வீடுகள் தங்க வைக்கின்றன, பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை வீடுகள் தங்க வைத்தன என்று கேட்டுவந்து இங்கேயே எழுதுகிறேன்.